ஞாயிறு மட்டும்தானே வேலை? – சின்ன சபை, பயிற்சிப் போதகர், ஒரு வாரம்

ஒரு வாசகரின் கேள்வி | 9 பிப்ரவரி 2025, ஞாயிறு, இரவு 9.15

சின்ன சபை. நாற்பது ஐம்பது பேர். ஞாயிறு இரண்டு மணி நேரம் ஆராதனை. மீதி ஆறு நாள் போதகர் என்னதான் செய்கிறார்? அதிலும் பயிற்சியில் இருப்பவர்? எங்கள் ஊர் பாப்திஸ்து சபைக்கு ஒரு தம்பி வந்திருக்கிறார். எப்போது பார்த்தாலும் வண்டியில் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார். ஒருநாள் வேலைக்கு மாதச் சம்பளமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

10 பிப்ரவரி, திங்கள், இரவு 10.40

அந்தத் தம்பி நானில்லை. ஆனால் அதே நிலையில் இருக்கிறவன். நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு பாப்திஸ்து சபை. பதிவேட்டில் 43 பேர். பிள்ளைகளையும் சேர்த்தால் ஞாயிற்றுக்கிழமை அறுபது வரும். பி.டி. (இறையியல் பட்டம்) முடித்து இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் பிரதிஷ்டை ஆகவில்லை, அதாவது முழுப் போதகராக நியமிக்கப்படவில்லை. பெரிய போதகர் மூன்று சபைகளைப் பார்க்கிறார். இந்தச் சபையிலேயே கிடப்பவன் நான்.

வாதம் வேண்டாம். இந்த வாரம் நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன்.

இன்று எனக்கு ஓய்வு நாள். காலை 5.50க்குக் கதவைத் தட்டினார் ஓர் அண்ணன். லாரி ஓட்டுகிறவர், வயது 38. நேற்று ஆராதனை முடிந்து நடந்த சபைக் கூட்டத்தில்தான் அவரையும் இன்னும் இரண்டு பேரையும் ஞானஸ்நானத்துக்கு ஏற்றுக்கொண்டோம். சாட்சி சொன்னார், வெளியே போய் நின்றார், அங்கத்தினர்கள் பேசிக் கை தூக்கினார்கள், உள்ளே கூப்பிட்டோம். வரும் 16ஆம் தேதி முழுக்கு, அதாவது தண்ணீரில் முழுகி எடுக்கும் ஞானஸ்நானம்.

"ராத்திரி அம்மா சாப்பிடலீங்க. கைக்குழந்தையிலயே உனக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சு, இன்னொருக்கா எதுக்குடான்னு கேக்குது. அதுகிட்ட என்னங்க சொல்றது?"

அவர் அம்மா வேறு சபை. குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. நான் பைபிளில் ரோமர் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். விசுவாசித்தவன்தான் முழுகி எழ வேண்டும், ஒன்றும் அறியாத குழந்தைக்குத் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை என்று இருபது நிமிடம் விளக்கினேன். "சரிங்க" என்றார். பூனாவுக்கு ஜவ்வரிசி லோடு ஏற்ற வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சனிக்கிழமைக்குள் வந்துவிடுவாராம்.

தெளிவாகச் சொன்னோம் என்ற திருப்தியில் மறுபடி படுத்தேன்.

மத்தியானம் தொட்டியைத் திறந்தோம். எங்கள் சபையில் மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே முழுக்குத் தொட்டி. கடைசியாகத் தண்ணீர் விட்டது 2023இல். உள்ளே பல்லி முட்டை, உடைந்த நாற்காலி, ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஞாயிறு பள்ளிக் கோப்பை. ஒரு மூலையில் விரிசல். சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். போர் மோட்டார் வேறு போன வாரம் எரிந்துவிட்டது.

11 பிப்ரவரி, செவ்வாய், பின்னிரவு 12.20

காலை நாலரைக்குப் போன். 82 வயது தாத்தா ஒருவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அவரும் ஆத்தாவும் சபையில் சேர்ந்து முப்பது வருடம். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் சபைக்கு வெளியே இருப்பவர்கள்.

பயிற்சியில் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்காதவை: ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது, குழி வெட்டுகிறவர் பெயர், அவருக்கு எவ்வளவு. எங்கள் சபைக்குச் சொந்தக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பக்கத்துச் சபையிடம் இடம் கேட்க வேண்டும். தைப்பூசம் வேறு. பேருந்தெல்லாம் முருகன் கோவிலுக்குப் போகும் கூட்டம். மகள் திருப்பூரிலிருந்து வந்து சேர மூன்று மணி.

பிறந்த வழிச் சொந்தக்காரர்கள் கோடித் துணியோடு வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே விடலாமா என்று என்னைப் பார்த்தார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இந்தப் பக்கத்து முறையில் கோடிக்கு என்ன பொருள் என்றே எனக்குத் தெரியாது. பேசாமல் நின்றேன். எங்கள் மூத்த உதவிக்காரர் (சபை நிர்வாகத்தில் போதகருக்குத் துணை நிற்பவர்), மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், முன்னால் போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "கோடி போடறது பாசமுங்க, போடுங்க. போட்டதுக்கப்பறம் நாங்க ஒரு பாட்டுப் பாடிக்கறோம்." அவ்வளவுதான். பிரச்சினை வர இருந்த இடத்தில் ஒரு நிமிடத்தில் துணி போர்த்தியாயிற்று.

அடுத்து என் தவறு. கல்லறையில் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். சபைக்கு வெளியே இருப்பவர்கள் இத்தனை பேர் கேட்கிறார்களே என்ற ஆசை. நாலு மணி வெயில். ஆத்தா நாற்காலியிலிருந்து சொன்னார்: "வெயில்ல நிக்கறாங்க சாமி." நிறுத்திவிட்டேன். புருஷனைப் புதைக்க வந்த இடத்தில், நிற்பவர்கள் கால் சுடுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய், காலை 9.05 (இடையில் கிடைத்த ஐந்து நிமிடம்)

சம்பளம் கேட்டவருக்கு: மாதம் 9,500. வீட்டு வாடகை சபை தருகிறது. பெட்ரோல் தனி. போதுமா என்றால், எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, போதும்.

(மேலே இருப்பதற்கு முன்பே எழுதியது, கீழே போய்விட்டது. கிடக்கட்டும்.)

12 பிப்ரவரி, புதன், இரவு 11.10

காலையில் மலைக்குப் போனேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் போனால் இறங்கும்போது பிரேக் சூடாகிவிடுகிறது, அதனால் பேருந்து. ஒரு வீட்டில் பிறந்து இருபது நாளான பெண் குழந்தைக்கு ஜெபம் கேட்டிருந்தார்கள். ஜெபித்து முடித்ததும் குழந்தையின் பாட்டி கேட்டார்: "தண்ணி வெக்க மாட்டீங்களா சாமி?" நாங்கள் குழந்தையைக் கையில் ஏந்தி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்போம், தண்ணீர் அது வளர்ந்து தானாகக் கேட்கும்போது என்றேன். "அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேனே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் வாழவந்தியில் இறங்கினேன். இந்த மலையில் ஊழியம் செய்த மிஷனரித் தம்பதி ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் கல்லறைகள் அங்கே. கணவர் ஜெஸ்ஸி 1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்து 1974இல், 95 வயதில் அவர் பக்கத்திலேயே வந்து படுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன். ஒன்பது வயது வரை இந்த மலையில் ஓடித் திரிந்தவர். ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் வைத்தார், பஞ்சாயத்துப் பேசினார். வாரத்தில் ஒருநாள் வேலையா என்று கேட்டவரை இங்கே ஒருமுறை வரச் சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை, வந்து பாருங்கள்.

சாயங்காலம் லாரி அண்ணனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். பெரியவர், அதாவது பெரிய போதகர், போகச் சொன்னதால்தான் போனேன், எனக்காகத் தோன்றவில்லை.

காப்பி கொடுத்தார். பிறகு சொன்னார். குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் ஜன்னி. சேலத்தில் ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அவர்கள் சபைப் போதகர் சைக்கிளில் வந்து வார்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். "எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி. நாந்தான் புடிச்சுட்டு நின்னேன். விடியறப்ப கண்ணு முழிச்சான். அது ஞானஸ்நானமே இல்லீன்னு நீங்க சொன்னீங்களாமே?"

மகன் வழியிலிருந்து போன் செய்து, நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறார்.

காப்பியைக் குடித்து முடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்றேன். பண்ணுங்க என்றார். என்ன ஜெபித்தேன் என்று நினைவில்லை.

13 பிப்ரவரி, வியாழன், இரவு 11.55

உதவிக்காரர்கள் கூட்டம். நாலு பேர், நான், பெரிய போதகர். விரிசலுக்குச் சிமெண்ட், தண்ணீர் டிராக்டர், ஞாயிறு காணிக்கைக் கணக்கு எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பிறகு லாரி அண்ணன் விஷயம். நடந்ததைச் சொன்னேன்.

லைன்மேன் ஐயா கேட்டார்: "அவரு உங்ககிட்ட என்ன கேட்டாருங்க தம்பி?"

"அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஞானஸ்நானம் என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டது அது இல்லவே இல்லை. திங்கட்கிழமை நான் எழுதிய குறிப்பை இப்போது படித்துப் பார்த்தேன். "தெளிவாகச் சொன்னோம்" என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நானும் குழந்தையில் தெளிக்கப்பட்டவன். எங்கள் ஊர்க் கோவிலில், ஞானப்பெற்றோர் நிற்க, பாமாலை பாட. சேலத்தில் கல்லூரி படிக்கும்போது 21 வயதில் முழுக்கு எடுத்தேன். லீவுக்கு ஊருக்குப் போய்ச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. பீரோவைத் திறந்து என் ஞானஸ்நான வெள்ளைச் சட்டையை எடுத்தார், பிரித்தார், மறுபடி மடித்து உள்ளே வைத்தார். இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. திங்கட்கிழமை காலை அந்த இருபது நிமிடமும் என் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் யாரோ ஒரு அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன்.

13 பிப்ரவரி (அதே இரவு, தூக்கம் வரவில்லை)

"பாப்திஸ்துன்னா தண்ணீரில் முக்குகிறவர்கள், அவ்வளவுதானே" என்று கேட்டவருக்கு.

இல்லை. 1609இல் ஆம்ஸ்டர்டாமில், இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த ஜான் ஸ்மித் தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். பிறகு தாமஸ் ஹெல்விஸ் முதலான மற்றவர்களுக்குக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தார், முக்கவில்லை. முழுக்கு ஆங்கிலேய பாப்திஸ்துகளிடம் வந்தது அதற்கு முப்பது வருடம் கழித்து, 1640 வாக்கில். ஆகவே எவ்வளவு தண்ணீர் என்பது முதல் கேள்வியாக இருந்ததில்லை. யார் விசுவாசித்தது என்பதே கேள்வி. ஸ்மித்துக்கே பிறகு தான் செய்தது சரியா என்ற சந்தேகம் வந்து, விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்துவந்த மெனோனைட்டு சபையாரோடு சேரக் கேட்டுக்கொண்டார். ஹெல்விஸ் இங்கிலாந்து திரும்பி, மனசாட்சி விஷயத்தில் ராஜாவுக்கு அதிகாரமில்லை என்று எழுதிச் சிறைக்குப் போனார்.

இன்னொருவர், அதோனிராம் ஜட்சன். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையார் அனுப்பி 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். அங்கே வில்லியம் கேரி முதலான பாப்திஸ்துகளைச் சந்திக்க வேண்டிவருமே என்று கப்பலிலேயே இந்தக் கேள்வியைப் படிக்க ஆரம்பித்தார். படித்துப் படித்து மனம் மாறியது. வந்த சில மாதத்தில் அவரும் மனைவி ஆனும் கல்கத்தாவில் வில்லியம் வார்டு கையால் முழுக்கு எடுத்தார்கள். அனுப்பியவர்களிடம் ராஜினாமா எழுத வேண்டியிருந்தது. பிறகுதான் பர்மா.

அந்த ராஜினாமாக் கடிதத்தைப் பெற்றவர்களை நினைத்துப் பார்த்ததில்லை. இந்த வாரம் நினைக்கிறேன்.

14 பிப்ரவரி, வெள்ளி, மாலை 6.30

உபவாச ஜெபம் பத்து முதல் ஒன்று வரை. பதினொரு பேர், ஒன்பது பேர் பெண்கள். மரவள்ளி வெட்டு நடக்கிறது, கூலி விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதை மனதில் வைத்தால் ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிடம் இழுக்கத் தோன்றாது. செவ்வாய்க்கிழமை வெயில் இன்னும் நினைவிருக்கிறது.

லாரி அண்ணனைப் போனில் பிடித்தேன். சத்தாராவுக்குப் பக்கத்தில் டீக்கடை. நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், முழுக்கைத் தள்ளி வைக்க வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்:

"யோசிச்சுட்டேதாங்க ஓட்டிட்டு வாறேன். அம்மா அன்னிக்கு எனக்கு எல்.எல்.ஆர். போட்டுக் குடுத்துச்சுங்க. அது இல்லீன்னா வண்டியவே தொட்டிருக்க மாட்டேன். இப்ப நானே ஓட்டிக் காட்டோணும். அப்படித்தானுங்க அதுகிட்ட சொல்லப்போறேன்."

எங்கள் சபைப் போதனைப்படி இது சரியான விளக்கமில்லை. திருத்த வேண்டும் என்று வாய்வரை வந்தது. திருத்தவில்லை. இது சரியா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. பெரியவரிடம் கேட்க வேண்டும்.

15 பிப்ரவரி, சனி, இரவு 11.30

திருத்தம்: தொட்டி 1,500 லிட்டர் என்று எழுதியது தவறு. லைன்மேன் ஐயா டேப் வைத்து அளந்தார். எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றரை அடிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சுமார் 3,200 லிட்டர். என் கணக்கை நம்பிக் குடம் குடமாக நிரப்பலாம் என்று வாலிபர்கள் மூன்று பேர் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாவம். டிராக்டர் டேங்கர் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தது, 800 ரூபாய். விரிசலில் கசியவில்லை.

அண்ணனிடமிருந்து செய்தி: வெங்காய லோடு இன்னும் கிடைக்கவில்லை. காலி வண்டியாக வந்தால் டீசலுக்கே கட்டாது, முதலாளி விடமாட்டார். நாளைக்கு வரமுடியாது.

பிரசங்கம் இன்னும் பாதிதான். திங்கட்கிழமையே எழுதி முடித்த நோட்டு ஒன்று இருக்கிறது, ரோமர் ஆறு. அதை எடுக்க மனமில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு, மாலை 4.00

கேள்வி கேட்டவர் சொன்ன அந்த ஒருநாள்.

இரண்டு பேர் முழுக்கு எடுத்தார்கள். பதினாறு வயதுப் பெண் பிள்ளை. 71 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி மடங்காது. படியில் இரண்டு அக்காமார் பிடித்து இறக்கினார்கள். பெரிய போதகர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் ஐஸாக இருந்தது. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மூக்குல ஏறிப்போச்சு." பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார்.

பிரசங்கம் பன்னிரண்டு நிமிடம். கல்லறையில் ஆத்தா சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசி வரிசையில் லாரி அண்ணனின் அம்மா உட்கார்ந்திருந்தார். மகன் இல்லை என்று தெரிந்தும் வந்திருக்கிறார். முழுக்கு முடிந்த கையோடு திருவிருந்து, இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் பந்தி. எங்களுடையது 1861இல் தொடங்கிய ஸ்ட்ரிக்ட் பாப்திஸ்து மிஷன் வழி வந்த சபை. அந்த "ஸ்ட்ரிக்ட்" என்பதே பந்தியைப் பற்றியது. முழுக்கு எடுத்து அங்கத்தினரானவர்களுக்குத்தான் அப்பம். தட்டு அவரைத் தாண்டிப் போனது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டைப் பிடித்திருந்தவன் நான். இந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டுதான் இங்கே வந்தேன், இப்போதும் மீறவில்லை. ஆனால் அதற்கு என்ன விலை என்று இன்று முகத்தில் பார்த்தேன்.

ஆராதனைக்குப் பிறகு பத்து நிமிட சபைக் கூட்டம். தண்ணீரைத் திறந்துவிடலாமா? கணக்குப் பார்க்கும் மளிகைக்கடை அக்கா எழுந்து, "எண்ணூறு ரூவா தண்ணி. தம்பி வரட்டும், இருக்கட்டும்" என்றார். பெரியவர் செவ்வாய் புதன் வேறு சபையில் இருக்கிறார். அப்படியென்றால் யார் கொடுப்பது? லைன்மேன் ஐயா என்னைக் காட்டினார். பிரதிஷ்டை ஆகாதவன் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்வி. எங்கள் முறையில் ஞானஸ்நானம் சபையினுடையது, யார் கை என்பதைச் சபையே முடிவு செய்யலாம் என்றார் பெரியவர். முப்பத்தொரு கை. இரண்டு பேர் தூக்கவில்லை. அவர்களில் ஒருவர் பிறகு வந்து, என்மேல் வருத்தமில்லை, ஒழுங்குக்காகத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டிமேல் பலகை போட்டு மூடினோம். ஒரு பிடி பிளீச்சிங் பவுடர்.

17 பிப்ரவரி, திங்கள்

ஓய்வு நாள். ஊருக்குப் போன் செய்தேன். அம்மாவிடம் அந்த வெள்ளைச் சட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. எதுக்குய்யா?" சும்மா கேட்டேன் என்றேன். பிறகு சும்மா இல்லை என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். அதை இங்கே எழுதப்போவதில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய், இரவு 10.50

ராத்திரி எட்டரைக்கு லாரி அண்ணன் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தார். சட்டையெல்லாம் வெங்காய வாசனை. வாட்ஸ்அப்பில் சொல்லி அரை மணி நேரத்தில் பதினான்கு பேர் சேர்ந்துவிட்டோம். பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள்.

அவர் அம்மாவும் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றார், தோளில் ஒரு துண்டு.

எனக்குக் கை நடுங்கியது. அவர் என்னைவிட முக்கால் அடி உயரம், கனமும் அதிகம். "நீங்க பயப்படாதீங்க, நானே சாஞ்சுக்கறேன்" என்றார். சாய்ந்தார். வார்த்தைகளைச் சொன்னேன். எழுந்தார். பாட்டு எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, தண்ணீர் சொட்டும் சத்தம்தான்.

படியேறி ஈரத்தோடு நேரே வாசலுக்குப் போனார். அம்மா துண்டை நீட்டவில்லை. தானே அவர் தலையைத் துவட்டினார். அவ்வளவு உயரத்துக்கு எட்டவில்லை, மகன் குனிந்துகொண்டார். "நல்லாத் தொவட்டோணுன்டா, சளி புடிக்கும்" என்று மட்டும் கேட்டது.

லைன்மேன் ஐயா தொட்டி அடைப்பைத் திறந்துவிட்டார். தண்ணீர் பின்பக்கம் வாழைக்குப் போகிறது. நாளைக்குக் காலையில் மலையில் ஜெபம், ஆறரை மணி பேருந்து.